டப்பாவுக்குள் கேட்ட விசில்

புனே நகரின் விஷ்ராந்த்வாடியில், பார்வதியின் சமையலறையில் நாலு நாளாக ஏதோ விசிலடித்துக்கொண்டிருந்தது. குக்கர் விசில் இல்லை. அடுப்பே பற்றவைக்காத நேரத்தில், மேல் அலமாரியிலிருந்து ஊசி போல மெல்லிசாகக் கிளம்பும். சற்று நிற்கும். மறுபடி தொடங்கும். ஏறித் திறந்து பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அன்று காலை ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றும்போதும் அது கேட்டது, பாதிக் கஞ்சி மேடையில் சிந்தியது.

அவள் அப்பா கலியன் வெடிமருந்து ஃபாக்டரியில் முப்பத்தைந்து வருஷம் உழைத்தவர். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்தவர்தான் வேறு ஆளாக இருந்தார்.

"முகமே இல்லாதவங்க வந்து நிக்கிறாங்க. வாய அசைக்கிறாங்க, சத்தமே வரல" என்றார், பட்டப்பகலில். தொட வந்த நர்சை அடித்தார். ட்யூபைப் பிடுங்கினார். பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரு?" என்றார்.

பார்வதியின் கணவன் கந்தசாமி பாணேரில் உள்ள கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்வரும் ஆள். பயம் வந்துவிட்டால் நம்மவர்களின் படிப்பெல்லாம் பரண்மேல் ஏறிவிடுகிறது.

"ஆபரேஷன் தியேட்டர்ல செத்தது எதுவோ அவரோட வந்துடுச்சு. வீட்லயும் விசிலடிக்குது, பாத்த இல்ல? கையெழுத்து போட்டுக் கூட்டினு வந்துடலாம். ஒரு பாபா இருக்காரு, நாலு அடி போட்டா ஓடிடும்" என்றான். பார்வதியும் சரி என்று தலையாட்டினாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் பார்வதி டிஸ்சார்ஜ் கேட்டபோது, மயக்க மருந்து டாக்டர் ஸ்ரீரஞ்சனி அப்பாவின் கட்டிலருகே நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இந்த இடுப்போட அடி வாங்கினா உயிர் தங்குமாம்மா? இது பேய் இல்ல. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு இப்படிக் குழப்பம் வரும். வலி அடங்கலன்னாலும் கூடும். இத பத்தி இப்ப நிறைய ஆராய்ச்சி நடக்குது." பேசிக்கொண்டே கலியனின் மூக்கில் இருந்த இரண்டு தழும்புகளை உற்றுப் பார்த்தார். "இவரு கண்ணாடி போடுவாரா?"

"சஷ்மா போடுவாரு. காதுக்கு மிஷினும் உண்டு. இங்க தொலைஞ்சிடும்னு நான்தான் கழட்டி, வீட்ல டப்பால பத்திரமா..."

"வலிக்குதான்னு தினம் கேக்கறோம், இல்லன்னு தலையாட்டறாரு. நாங்களும் அப்படியே எழுதிட்டோம். கேள்வியே அவரு காதுல விழலையே! தப்பு எங்க மேலயும்தான். ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க."

வீட்டுக்குள் கால் வைத்ததுமே விசில் கேட்டது. பார்வதி ஸ்டூல் போட்டு ஏறினாள். மேல் அலமாரியில், தன் கையால் மூடிவைத்த எவர்சில்வர் டப்பாவுக்குள்ளிருந்துதான் வந்தது. மூடியைத் திறந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில், அணைக்காமல் வைத்த காது மிஷின் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆஸ்பத்திரியில் அதை அப்பாவின் காதில் பொருத்திக் கண்ணாடியை மாட்டினாள். டாக்டர் சொன்னபடி வலி மருந்தும் ஏறியது. பக்கத்திலேயே உட்கார்ந்து, "அப்பா, நான் பார்வதி. இது ஆஸ்பத்திரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கலியன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"எங்கம்மா போயிருந்த? நாலு நாளா உன்ன மாதிரியே ஒருத்தி வந்து உக்காந்துட்டுப் போனா. அவளுக்கு முகமே இல்ல."

பார்வதி அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ரிக்ஷாவை நிறுத்திவிட்டுக் கந்தசாமி அவசரமாக உள்ளே வந்தான். "பாபா காத்திருக்காரு, கிளம்பு."

"அவர போகச் சொல்லுங்க" என்றாள் பார்வதி. "அப்பாவ எந்தப் பேயும் பிடிக்கல. பத்திரம் பத்திரம்னு அவரு கண்ணையும் காதையும் டப்பால பூட்டி வச்சது நான்தான். வயசானவங்க ஏதோ உளறுறாங்கன்னா, பேய் ஓட்ட ஆள் தேடாதீங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியுதா, காது கேக்குதா, எங்க வலிக்குதுன்னு மொதல்ல பக்கத்துல உக்காந்து கேளுங்க."