பிக்கப் வேண்டும், சத்தம் வேண்டாம்

வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிச்செல்லும் ராஜமாணிக்கத்தின் வேனில் முன் சீட்டில் யார் உட்கார வேண்டும் என்பதை அவன்தான் சொல்வான். ஆரம்பாக்கத்தில் ஏறி சிப்காட்டில் இறங்குகிறவரை, கியர் போடுகிற சாக்கில் அவன் கை பக்கத்தில் இருப்பவளின் முட்டிக்கு வரும். பின்னால் இருக்கிற நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே வருவோம். தூ, அந்த வயலில் அப்படி என்னதான் இருந்ததோ! என்னை உட்காரச் சொன்ன அன்றைக்கு அவன் கையைப் பிடித்து அவன் மடியிலேயே போட்டேன். வேனை நிறுத்தச் சொல்லி ஹைவேயில் இறங்கினேன். எனக்குப் பின்னால் விக்டோரியாவும் இறங்கினாள். அவளும் நானும் ஒரே கம்பெனி, ஒரே மெஷின் வரிசை.

மறுநாளிலிருந்து என்னுடைய பழைய ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போனோம். அவன் சும்மா விடுவானா? சிப்காட்டுக்குத் திரும்புகிற ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது. அதைத் தாண்டினால் ரயில்வே பாலம். பாலத்தின் மேல் யாரும் யாரையும் முந்த முடியாது, முதலில் ஏறியவர் பின்னால்தான் மற்றவர்கள் இறங்க வேண்டும். எங்கள் வண்டி பிரேக்கரில் ஏறி இறங்கி மூச்சு வாங்குவதற்குள் அவன் வேனை முன்னால் விட்டுவிடுவான். பிறகு பாலம் முழுக்க மெதுவாக உருட்டிக்கொண்டு போவான். சங்கு ஊதிய பிறகு வந்தாலும் வேனுக்குக் கேட் திறக்கும், அது காண்டிராக்டர் வண்டி. எங்களுக்குத் திறக்காது. இரண்டு முறை வெளியில் நின்றோம். இன்னொரு முறை நின்றால் வேலைக்கே வர வேண்டாம், இல்லையென்றால் எல்லோரையும் போல வேனில் வாருங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு வேனில் போ என்று அம்மாவும் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வசதியில்லை. ஆனால் செத்தாலும் அந்த வேனில் ஏற மாட்டேன்.

புதுவாயலில் விமல் என்ற மெக்கானிக்கிடம் போனேன். வண்டிக்குப் பிக்கப் வேண்டும் என்றேன். அவன் பெரிய சைலன்சர் ஒன்றை மாட்டிவிட்டான். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் வந்தது. வண்டிதான் நகரவில்லை. திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தான்.

"சூப்பரா கீதுக்கா. லேடீஸ் ஓட்ற வண்டிக்கு இது போதும்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

"நீ ஒத்த ஆளா நேர் ரோட்ல ஓட்டிக்கினு வந்து சொல்ற. இப்போ பின்னால ஒக்காரு."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவன் நெளிந்தான். விடவில்லை. விக்டோரியாவைக் கடையில் நிறுத்திவிட்டு, எங்கள் இரண்டு சாப்பாட்டுப் பைகளையும் அவன் மடியில் வைத்து, ஹைவே பாலத்துக்கு ஓட்டினேன். பாதி ஏற்றத்தில் வண்டி இருமியது. பின்னால் ஒரு லாரி ஹாரனிலேயே எங்களைத் தள்ளியது. விமல் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். இறங்காதே, டெய்லி நாங்கள் இப்படித்தான் போகிறோம் என்றேன். அதற்குப் பிறகு அவன் லேடீஸ் வண்டி என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

கடைக்கு வந்ததும் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு என்ஜினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு வட்டத் தட்டு, அதற்குள் ஆறு ரோலர்கள். என்ஜின் சுற்றச் சுற்ற இவைதான் வெளிப்பக்கம் ஒதுங்கி பெல்ட்டைத் தள்ளி வேகத்தைக் கூட்டுமாம். இவை கனமாக இருந்தால் வண்டி அவசரப்பட்டு வேகத்துக்குப் போகும், ஏற்றத்தில் இழுக்கத் தெம்பு இருக்காது. லேசாக இருந்தால் இழுக்கும். என் வண்டியில் இருந்தவை கனமானவை. அதுவும் தேய்ந்து ஒரு பக்கம் சப்பையாகிக் கிடந்தன. இருப்பதிலேயே லேசான ரோலரைப் போடு என்றேன். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். நான்தான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி எகிறியது. விக்டோரியா சிரித்தே விட்டாள். அந்தச் சிரிப்பெல்லாம் ஹைவே வருகிறவரைதான். அங்கே என்ஜின் அலறியது, ஸ்பீடு முள் மட்டும் ஏறவே இல்லை. நாங்கள் பிரேக்கருக்கு வந்தபோது வேன் பாலத்தின் உச்சியில் இருந்தது. சங்கு ஊத ஊத ஓடித்தான் கேட்டுக்குள் நுழைந்தோம்.

திரும்பப் போனபோது விமல் என்னைத் திட்டவில்லை. மூன்று லேசு, மூன்று நடுத்தரம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினான். மூடியை முறுக்கியதும், நான் சொல்வதற்கு முன்பே இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான். பாலத்தில் வண்டி இருமவில்லை.

திங்கட்கிழமை பிரேக்கரில் வேனும் நாங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். முன் சீட்டில் இளமதி இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். கதவோடு ஒட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை முட்டிக்கு மேல் அணை போல வைத்திருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பிரேக்கரில் இறங்கியதும் ஆக்சிலேட்டரைத் திருகினேன். விக்டோரியா என் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வண்டி இழுத்தது. வேன் கியர் மாற்றுவதற்குள் நாங்கள் பாலத்தில் ஏறியிருந்தோம்.

அவன் ஹாரனை அமுக்கியவன் கையை எடுக்கவே இல்லை. உச்சியில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். இத்தனை நாள் நீ உருட்டினாயே, இப்போது உருட்டு என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விக்டோரியா என் காதருகில் சொன்னாள்: "யக்கா, முன் சீட்ல இளமதி கீறா. நீ மெதுவாப் போனா அவளுக்குத்தான் ரோடு நீளும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. முழுதாகத் திருகி இறங்கினேன்.

கேட்டில் வேனுக்காகக் காத்து நின்றேன். பெண்கள் இறங்கியதும், நாளையிலிருந்து முன் சீட்டில் யாரும் உட்காராதீர்கள், பின்னால் நின்றுகொண்டாவது வாருங்கள் என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்.

ராஜமாணிக்கம் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "வண்டி என்னுது."

"முட்டி எங்களுது" என்றேன்.

பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். இளமதிகூட என்னைப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் மெஷின் முன்னால் நின்று இவர்களைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிரேக்கரில் வேன் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் பெண்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இளமதி, கையில் பை இல்லை. முன் சீட்டில் எல்லோருடைய சாப்பாட்டுப் பைகளும் கியர் கம்பியை இடிக்கும்படி குவிந்திருந்தன. ராஜமாணிக்கம் கியருக்குக் கையை நீட்டினான். மேலே இருந்த தூக்குவாளி சாய்ந்து, சுடச்சுட ரசம் அவன் கை முழுக்க ஊற்றியது.

நான் ஆக்சிலேட்டரைத் திருகினேன்.