அடுப்படியில் ஒரு நேர்கோடு

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. யார் எதைக் காட்டினாலும் முதலில் அதிலிருக்கும் ஓட்டையைத்தான் பார்ப்பாள். கடைசி வருடப் ப்ராஜெக்ட்டில் அவளுக்குக் கூட்டாளியாக வாய்த்தவன் ஒட்டடைக்குச்சி; உயரம் இருக்கும், உடம்பைத்தான் தேட வேண்டும். முதல் வருடத்திலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சினேகிதம். அப்படிப்பட்டவனைத்தான் இப்போது திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையல் கேஸ் கசிந்தால் கூவுகிற பெட்டி ஒன்றை இருவரும் செய்திருந்தார்கள். பெட்டியைச் செய்து ப்ரோக்ராம் எழுதியது அவள். அதைக் கல்லூரி கேன்டீனில் வைத்துச் சோதித்து அறிக்கை எழுதுவது அவன் பங்கு. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சமையல் மேடைக்கு அடியில், சிலிண்டருக்குப் பக்கத்தில், கணுக்கால் உயரத்தில் பெட்டியை மாட்டி வைத்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு இருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எதற்குப் போக வேண்டும்? பெட்டி சொல்வதெல்லாம் வைஃபை வழியாக அவன் லேப்டாப்புக்கே வந்துவிடுகிறதே.

மூன்று வாரக் கணக்கை அவன் வரைபடமாக்கிக் காட்டியபோதுதான் வினை ஆரம்பித்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. நாள் முழுக்க அடுப்பைப் பற்றவைத்து அணைக்கிற இடம். ஒவ்வொரு தடவையும் துளி கேஸாவது வெளியே வரும். கோடு கொஞ்சமாவது நடுங்க வேண்டாமா?

“என்னடா இது, இவ்வளவு நேரா இருக்கு?”

“கசிவு இல்லைன்னா நேராத்தான் இருக்கும்,” என்றான் அவன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு கேட்பானேன், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் லேபுக்குள் நுழைந்தால் அவன் அவசரமாக லேப்டாப்பை மூடினான். என்ன என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றான். பெட்டியிலிருந்து வந்த எண்களை அப்படியே அனுப்பச் சொன்னாள். “நாளைக்குத் தர்றேன்” என்றான். அந்த நாளை வரவேயில்லை. பெட்டி எப்போதோ செத்திருக்க வேண்டும், இவன் அறையில் உட்கார்ந்து எண்களைத் தானே தட்டிப் போடுகிறான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

பயமும் சேர்ந்துகொண்டது. போன வருடம் கடையில் விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட்டைத் தங்களுடையது என்று காட்டிய இரண்டு பேருக்குப் பட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். இவர்கள் அறிக்கையிலும் இரண்டு கையெழுத்து இருக்கப் போகிறது. ஊரிலிருந்த அக்காவிடம் போனில் புலம்பினாள்.

“நீ முந்திக்கிட்டுப் போய் சொல்லிடுடி. இல்லைன்னா அவனோட சேர்த்து உன்னையும் தூக்கிடுவாங்க,” என்றாள் அக்கா. அக்காவுக்கு என்ன, சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள், ப்ராஜெக்ட்டுக்குக் கைடாக இருந்த பேராசிரியரின் அறைக்குப் போய், அவன் எண்களைப் பொய்யாகப் போடுகிறான் என்று சொல்லியே விட்டாள். அவர் முழுவதையும் கேட்டார்.

“ஆதாரம் இருக்கா?”

“கொண்டு வர்றேன் சார்.”

“சரி. மத்தியானம் அவனையும் கூப்பிட்டுக் கேக்கறேன்.”

வெளியே வந்தாள். நியாயத்தைத்தானே செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு தடவை சொன்னது போதவில்லை.

சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் கேன்டீனுக்குப் போனாள். பெட்டியில் விளக்கு எரியாததைப் படம் பிடித்துவிட்டால் போதும். சமையல் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், மேடைக்கு அடியில் குனிந்தாள்.

பெட்டி வைத்த இடத்தில்தான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கனத்த பிளாஸ்டிக் கவர் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, வாயில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

“அது நான் கட்டுனதும்மா,” என்றார் மாஸ்டர், பின்னாலிருந்து. “ரெண்டு வேளையும் தரையைக் கழுவி விடறோம், தண்ணி தெறிக்கும். பிள்ளைங்க கஷ்டப்பட்டு செஞ்ச சாமான், கெட்டுப்போயிடக் கூடாதுன்னு வெச்ச அன்னிக்கே கட்டிட்டேன்.”

அவர் முகத்தில் அத்தனை பெருமை. கவருக்குள் இருந்த காற்றையே மூன்று வாரமாக முகர்ந்து, கசிவு இல்லை, கசிவு இல்லை என்று பெட்டி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு தடவை வந்து குனிந்து பார்த்திருந்தால் முடிந்திருக்கும். பொறியியல் படித்த இரண்டு பேரும் திரையைத்தான் பார்த்தார்கள்.

அவள் கைடு அறைக்கு ஓடினாள். அதற்குள் ஒட்டடைக்குச்சியைக் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள். மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் இருந்தது எண்கள் அல்ல, அவள் எழுதிய ப்ரோக்ராம். வரிக்கு வரி அவன் குறிப்பு எழுதி வைத்திருந்தான்.

“தப்பு இதுலதான் எங்கேயோ இருக்குன்னு நெனச்சேன் சார்,” என்று சொல்லிக்கொண்டிருந்தான். “அவகிட்ட சொன்னா ஒடஞ்சு போயிடுவா. யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி நானே கண்டுபிடிச்சு சரி பண்ணிடலாம்னு பார்த்தேன். அதான் எதையும் காட்டல.”

அவள் வாசலில் நின்றபடியே கவர் விஷயத்தைச் சொன்னாள். கைடு வாய்விட்டுச் சிரித்தார்.

“நல்ல மாஸ்டர். ரெண்டு வாரம் டைம் தர்றேன், கவரைக் கழட்டிட்டு முதல்லேருந்து எடுங்க.”

அவன் சிரிக்கவில்லை. “நான் எண்ணைப் பொய்யா போட்டேன்னு உங்ககிட்ட சொன்னது யாரு சார்?”

கைடு மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“நான்தான்,” என்றாள் அவள். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவர் பக்கம் திரும்பினான்.

“பெட்டி அவ செஞ்சது சார், அவளே வெச்சுக்கட்டும். நான் தனியா புதுசா ஒண்ணு செய்யறேன்.”

“ரெண்டு வாரத்துல முடியாதுடா,” என்றார் அவர்.

“தெரியும் சார்,” என்றான்.