தபசுகாலத்து உப்புக்கண்டம்

அறுபத்தாறாம் வருஷத்தில் என் புருஷன் இன்னாசிக்குக் காது போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ரிவெட் அடிக்கிற வேலை. இரும்பை அடித்து அடித்து அவர் காதும் இரும்பாகிவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்வாரா? நான் என்ன சொன்னாலும் "சர்தான், சர்தான்" என்று தலையாட்டுவார். அரிசி தீர்ந்துவிட்டது என்றாலும் சர்தான், கூரை ஒழுகுகிறது என்றாலும் சர்தான். பட்டறையில் தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அதைவிட வீறாப்பு.

என் பயம் வேறு. பட்டறைக்குப் போக அவர் துறைமுக ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அங்கே கேட் கிடையாது. ஒருநாள் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டே வர, இந்த மனுஷன் தண்டவாளத்தின் நடுவில் நின்று பீடி பற்றவைத்திருக்கிறார். யாரோ இழுத்துப் போட்டதால் பிழைத்தார். வீட்டுக்கு வந்து, "இன்ஜின் ஊதவே இல்லடி" என்று என்னிடமே சாதித்தார்.

அதற்கப்புறம்தான் தெருநாய் கேப்டனைப் பிடித்து வைத்தேன். உப்புப் போட்டுக் காயவைத்த மாட்டுக்கறியை, அதுதான் உப்புக்கண்டத்தை, நகத்தளவு கிள்ளி மடியில் முடிந்துகொண்டு நாயைத் தண்டவாளத்தோரம் கூட்டிப்போவேன். வண்டி ஊதும்போது துண்டை என் காலடியில் காட்டுவேன். பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்தால் "நல்ல புள்ள" என்று வாயில் வைப்பேன். உட்காராவிட்டால் ஒன்றும் கிடையாது, அடியும் கிடையாது. "நாய ஒத வுட்டாத்தான்டி கேக்கும்" என்று சிரித்தார் இன்னாசி. கொஞ்ச நாளில், ஊதல் கேட்டதும் பக்கத்தில் நிற்பவர் பாதத்தில் போய் உட்காரக் கற்றுக்கொண்டது கேப்டன்.

பிறகு காலையில் அதை அவர் கூடவே அனுப்பினேன். "தொணைக்கு வருதுய்யா" என்றேன். "சர்தான்" என்றார். நான் பின்னாலேயே போய் நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் நிற்பேன். அவர் பாதையைக் கடந்ததும் கேப்டன் என்னிடம் ஓடிவந்து கூலி வாங்கிக்கொள்ளும்.

தபசுகாலம் வந்தது. ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி கிடையாது. அந்த வருஷம் நான் மாதாவிடம் நேர்ச்சையும் வைத்திருந்தேன்: இவருக்குக் காது திரும்பட்டும், ஒரு துணுக்குக் கறிகூட என் வாசல் ஏறாது. மிச்சமிருந்த உப்புக்கண்டத்தை எதிர்வீட்டு ரசூல் பீவியிடம் கொடுத்துவிட்டேன். கேப்டனுக்கு ரொட்டி நீட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் அது குவியலுக்குப் பின்னால் வரவே இல்லை. கூலியில்லாத வேலையை நாய் எத்தனை நாள் பார்க்கும்? காதுக்காக வைத்த நேர்ச்சை ஆளையே கொண்டுபோய்விடும் போலிருந்தது.

அடுத்த காலை மறைவெல்லாம் விட்டுவிட்டு அவர் முதுகையொட்டியே போனேன், எட்டினால் சட்டையைப் பிடித்துவிடலாம் என்று. கூட்ஸ் ஊதியது. கேப்டன் அவர் பாதத்தில் உட்கார்ந்தது. அவர் நின்றார். வண்டி முழுவதும் கடந்து போனது. பிறகு இன்னாசி திருடன் மாதிரி இடமும் வலமும் மட்டும் பார்த்துவிட்டு, காக்கிப் பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து நாயின் வாயில் வைத்தார். உப்புக்கண்டம், நான் ரசூல் பீவியிடம் கொடுத்ததில் கேட்டு வாங்கியிருக்கிறார். "நல்ல புள்ள" என்றார். மெல்லச் சொல்வதாக அவருக்கு நினைப்பு, தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்த வார்த்தையை அவர் காதால் கேட்டிருக்க முடியாது. என் வாயசைவைப் பார்த்துப் பிடித்திருக்கிறார். பாவி மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நாய் எதற்கென்றும் தெரியும், காது இனி இல்லை என்றும் தெரியும். என்னிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் போகும்வரை நின்று, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேரே கோயிலுக்குப் போனேன். காது வேண்டாம் தாயே, ஆள் இருந்தால் போதும் என்று மாதாவிடம் சொன்னேன். திரும்பும்போது கறி வாங்கிவந்து, உப்பும் மஞ்சளும் தடவி, வாசல் கொடியில் கோத்துத் தொங்கவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் ஓடிவந்தாள். "இன்னா இருதயம்க்கா இது, தபசுல கறி காயுது? நேர்ச்ச இன்னா ஆச்சு?"

"வாபஸ் வாங்கிகினேன்" என்றேன்.

சாயங்காலம் வந்தவர் கொடியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "கை கால் கழுவிகினு சாப்புட வாய்யா" என்றேன். என் வாய் அசைந்ததைப் பார்த்தார். சர்தான் என்பார் என்று காத்திருந்தேன்.

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "கேக்கல, இருதயம்" என்றார். "கிட்ட வந்து சொல்லு."