படத்தில் இல்லாத நாய்

1

இந்தக் கதை எனக்கு மேற்குத் தாம்பரத்தில், ஒரு டியூஷன் சென்டரின் முதல் மாடியில் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட என் கண்ணெதிரே நடந்தது என்பதே சரி. காமிக்ஸ் வாசகர்கள் நாங்கள் மாதம் ஒரு ஞாயிறு அங்கே கூடுவோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சுகளில் நரைத்த தலைகளோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம், யாருக்கும் அறிமுகமில்லாத ஒரு பெண் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "அந்த நாய நான்தான் போட்டேன்" என்றார்.

அந்த வாக்கியத்திலிருந்தே கதையைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். தொடங்கியும் பார்த்தேன்:

"அந்த நாய நான்தான் போட்டேன்" என்று சந்திரிகா சொன்னபோது, அறையின் மின்விசிறி

மின்விசிறியை என்ன செய்வதென்று தெரியவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இன்னொன்று எழுதினேன்:

பார்வை என்பது கண்ணில் இல்லை, அது

இதை எழுதியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். இடையில் நான் தடுமாறும் இடங்களை மறைக்கப்போவதில்லை.

2

பூவராகன் முடிச்சூர்க்காரர். அப்பா காலத்து நிலமெல்லாம் மனைகளாகப் பிரிந்து போனபின், அதே சாலையில் சிமென்ட், கம்பிக் கடை வைத்தவர். அறுபதை நெருங்குகிறார். எங்கள் முகநூல் குழுவில் அவர் விமர்சனம் வந்த பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். புதுப் புத்தகம் கூரியரில் வந்த அன்றைக்கே படித்து, அன்றைக்கே எழுதிவிடுவார். அவருடைய நாயகன் ஷெரீப் டால்மர், கதிரொளி காமிக்ஸ் தமிழில் வெளியிடும் கௌபாய் கதைகளின் குதிரைவீரன்.

(டால்மர் நான் வைத்த பெயர். கதிரொளியும் நான் வைத்ததுதான். நிஜப் பெயரைப் போட்டால் எங்கள் ஆட்கள் கதையை விட்டுவிட்டு, அது எந்த இதழ், எந்த வருடம், அட்டையில் என்ன நிறம் என்று சண்டைக்குப் போய்விடுவார்கள்.)

அவருக்குச் சரியான எதிராளி, கழுகுக்கண் என்ற பெயரில் எழுதியவர். கழுகுக்கண் கதையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். படத்தைப் பற்றித்தான் எழுதுவார். ஒருமுறை தமிழ்ப் பதிப்பில் ஒரு பக்கத்தைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி அச்சடித்துவிட்டார்கள். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் டால்மர் இடதுகைக்காரனாகிவிட்டதைக் கண்டுபிடித்தவர் கழுகுக்கண். பூவராகன் கீழே எழுதினார்: "நீ கத படிக்கிறியா, துப்பாக்கி எந்தப் பக்கம் தொங்குதுன்னு காவல் காக்கறியா, மச்சான்?" கழுகுக்கண் பதில் போட்டார்: "இரண்டும்தான் சார்."

வருடக்கணக்கில் இப்படிப் போனது. கழுகுக்கண் ஆண் என்று நாங்கள் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி நினைக்கச் சொல்லி அவர் எங்கும் எழுதியதில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

3

கழுகுக்கண்ணின் பெயர் சந்திரிகா. குரோம்பேட்டையில் வீடு. ஒரு பொறியியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரு மாலை அவருக்குப் போன் வந்தது. குழுவை நடத்தும் தயாளனிடம் நம்பர் வாங்கிப் பூவராகன் பேசினார்.

"கழுகு சார் இருக்காரா?"

"நான்தான் பேசறேன்."

பின்னால் லாரி சத்தம் கேட்க, பூவராகன் குரலை உயர்த்தினாராம்.

"இன்னாமா இது. இத்தினி வருஷமா ஒன்ன மச்சான் மச்சான்னு திட்டிகினு இருந்தனே."

"பரவால்லண்ணா. நானும் திரும்பத் திட்டினேன் இல்ல."

பிறகு பூவராகன் விஷயத்தைச் சொன்னார். கண்ணில் அழுத்தம். ஒரு கண் முன்பே போய்விட்டது. இன்னொன்றில் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது, எழுத்தும் படமும் தெரிவதில்லை. குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. மனைவி புஷ்பலதா படித்துக் காட்டுகிறார். வசனம் சரியாக வருகிறது. படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "ரெண்டு பேர் சண்ட போட்டுகினு கீறாங்க" என்பதோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

"மத்தவனுங்க எல்லாம் கத எழுதறானுங்க. நீ ஒருத்திதான் படத்த எழுதுற. எனக்குப் படம் வேணும்மா."

சந்திரிகா சரி என்றார்.

4

புத்தகம் வந்த அன்று மாலை பூவராகன் அழைப்பார். சந்திரிகா கட்டம் கட்டமாகச் சொல்வார். பூவராகன் குறுக்கே கேட்டுக்கொண்டே இருப்பார். நிழல் எந்தப் பக்கம் விழுது, தொப்பி கண்ண மறைக்குதா, ஜன்னல் தொறந்து கீதா. முடிந்ததும் அவர் விமர்சனத்தை வாயால் சொல்ல, புஷ்பலதா தட்டச்சு செய்து போடுவார். அந்த விமர்சனங்கள் முந்தையவற்றைவிட நன்றாக இருந்தன. நாங்கள் அதைக் கவனித்தோம். காரணத்தை யோசிக்கவில்லை.

அப்புறம் 'சாம்பல் ஊர்' என்ற சிறப்பிதழ் வந்தது. பழைய ஓவியர் விலகி, வேறொருவர் வரைந்தது. புதியவருக்குப் பின்னணி வரையப் பிடிக்காதுபோல. ஆட்கள் வெறும் வெள்ளையில் நின்று பேசினார்கள். டால்மரின் பழைய கூட்டாளியைப் புதைக்கும் பக்கத்தில்கூட ஒரு சிலுவை, ஒரு மண்மேடு, ஒரு தொப்பி, அவ்வளவுதான்.

சந்திரிகா அந்தப் பக்கத்தைச் சொல்லும்போது மழை பெய்கிறது என்றார். மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது என்றார். எல்லோரும் போன பிறகும் அது எழுந்திருக்கவில்லை என்றார்.

5

இந்த இடத்தில்தான் எனக்குச் சிக்கல். ஏன் அப்படிச் சொன்னார்? மூன்று காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். பூவராகன் மேல் இரக்கம். கலை மேல் உள்ள அக்கறை. சொந்த வாழ்க்கையில் ஏதோ ஓர் இழப்பு, சிறு வயதில் வளர்த்த ஒரு நாய்

மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரிடமே போய்க் கேட்டேன்.

"போர் அடிச்சுது சார்" என்றார் சந்திரிகா. "எத்தனை வாட்டி வெள்ளை, வெள்ளைன்னு சொல்றது? அவர் அந்தப் பக்கம் மூச்சு விடாம கேட்டுட்டிருக்கார். எனக்கு வாய்ல வந்துடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். என்ன ரொம்ப நல்லவளா எழுதிடாதீங்க. பாவமாவும் எழுதிடாதீங்க."

அதற்குமேல் நானாக எதையும் சேர்க்கவில்லை.

6

பூவராகனின் விமர்சனம் அன்றே வந்தது. புதிய ஓவியரை எல்லோரும் திட்டத் தயாராக இருந்த நேரத்தில் அவர் பாராட்டியிருந்தார். 'இந்தப் புத்தகத்தில் யாரும் வாய்விட்டு அழவில்லை. மழையில் உட்கார்ந்திருக்கும் அந்த நாய் எல்லோருக்குமாகச் சேர்த்து உட்கார்ந்திருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினோம். நாய் இல்லை. மழையும் இல்லை.

முதலில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பிறகு, அண்ணன் வேறு மொழிப் பதிப்பைப் பார்த்து எழுதிவிட்டார் என்றார்கள். பிறகு, படிக்காமலே எழுதுகிறார், ரொம்ப நாளாகவே அப்படித்தான் என்றார்கள். யாரோ டால்மரின் தோளில் ஒரு பொமரேனியனை ஒட்டிப் படம் போட்டார்கள். காமிக்ஸ் ரசிகர்கள் திருட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள். படிக்காமல் விமர்சனம் எழுதுவதை மன்னிக்கமாட்டார்கள்.

பூவராகன் ஒரே ஒரு பதில் போட்டார்: "ஞாயித்துக்கெழம வரேன். நேர்ல பேசிக்கலாம்." சந்திரிகாவை அழைத்து எதுவும் கேட்கவில்லை. சந்திரிகா சொன்ன படத்தில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மற்றவர்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நம்பினார்.

7

அந்த ஞாயிறு பூவராகன் புஷ்பலதாவின் தோளைப் பிடித்தபடி மாடியேறி வந்தார். மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டோம். தயாளன் கெட்டவர் இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் விளையாடலாம் என்று நினைத்தார், அவ்வளவுதான். புரொஜெக்டரில் அந்தப் பக்கத்தைச் சுவர் முழுக்கப் பெரிதாகப் போட்டார்.

"அண்ணா, நீங்களே வந்து காட்டிடுங்க. நாய் எங்க கீது?"

"மேட்டுக்குப் பக்கத்துலதான்பா. நல்லாதான கீது" என்றார் பூவராகன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அறை சிரித்தது. எதற்கென்று தெரியாமல் அவரும் கூடச் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. (சிரிக்கவில்லை என்று எழுதினால் கதைக்கு நல்லது. ஆனால் நினைவில்லை.)

அப்போதுதான் சந்திரிகா எழுந்தார். யாருடைய மனைவியோ என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"அந்த நாய நான்தான் போட்டேன். நான்தான் கழுகுக்கண். அண்ணாவுக்குக் கடையில வேலை ஜாஸ்தி, படிக்க நேரமில்ல. அதனால நான் போன்ல படிச்சுக் காட்டுவேன். தப்பு என்னுது."

கண்ணைப் பற்றி அவர் சொல்லவில்லை. பூவராகன்தான் சொன்னார். குரல் வந்த பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்.

"நேரம்லாம் கீது. கண்ணுதான் தெரில. அத்த சொல்லு."

தயாளன் புரொஜெக்டரை அணைத்துவிட்டார். அதோடு முடிந்திருக்கும். எல்லோரும் அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டிருப்போம். ஆனால் பூவராகன் கேட்டுக்கொண்டே போனார்.

"நாய் இல்ல. சரி. மழ?"

"இல்லண்ணா."

"அதுக்கு முந்தின புக்ல கெழவி கைல வெளக்கு இருந்திச்சே?"

"இருந்தது. அது நெஜம்."

"அவ ஆத்தங்கரைல நடந்து போவாளே. தண்ணில அந்த வெளக்கு தெரியுமே. அது?"

சந்திரிகா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஞாபகம் இல்லண்ணா."

"அது நீ சொல்லி நான் பாத்த படம்மா" என்றார் பூவராகன். "நான் கடசியா நல்லா பாத்த படம் அது."

மற்றவர்கள் செய்த கேலி அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சந்திரிகா சொல்லி அவர் கேட்ட எல்லாப் புத்தகங்களும் அந்த ஒரு நிமிடத்தில் சந்தேகத்துக்கு உரியவையாகிவிட்டன. எந்தப் பக்கத்தையும் திறந்து சரிபார்க்க அவரால் முடியாது. மாடிப்படியில் சந்திரிகா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "நாய்க்காக இல்லண்ணா, சொல்லாததுக்காக." பூவராகன் புஷ்பலதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

8

இங்கே முடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஒரு முடிவு எழுதியும் வைத்தேன்: பூவராகன் காமிக்ஸை விட்டுவிடுகிறார், புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம்

பொய். அவர் ஒன்றைக்கூடப் போடவில்லை.

இன்னொரு முடிவு: சந்திரிகா கழுகுக்கண் என்ற பெயரையே துறக்கிறார். அதுவும் பொய். அடுத்த வாரமே எழுத்துப் பிழைகளைப் பட்டியலிட்டு ஒரு பதிவு போட்டார்.

நடந்தது இது. மழைக்காலம் முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தயாளனுக்குக் குற்ற உணர்ச்சி. பழம் வாங்கிக்கொண்டு முடிச்சூர் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. கூடவே உமேஷையும் அழைத்து வந்தார். உமேஷ் கூடுவாஞ்சேரிப் பையன், மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருப்பவன். இனி இவன் படித்துக் காட்டுவான், ஒரு புள்ளி கூட்டமாட்டான் என்றார் தயாளன்.

உமேஷ் உண்மையிலேயே ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை.

"கட்டம் ஒண்ணு. இடது பக்கம் டால்மர். வலது பக்கம் குதிரை. பின்னணி மஞ்சள்."

"குதிர எப்டி நிக்குது?"

"நாலு கால்ல சார்."

பூவராகன் மூன்றாம் பக்கத்தில், "போதும்பா, டீ சாப்டு" என்றார். பிறகு புஷ்பலதாவிடம் போனைக் கேட்டார். எங்கள் முன்னாலேயே பேசினார்.

"யம்மா, நான்தான். புது புக்கு வந்துகீது. வரியா?"

அந்தப் பக்கம் சந்திரிகா என்ன கேட்டார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

"கோவம் கீதுதான். அது அது பாட்டுக்கு இருக்கட்டும். இங்க பாரு, நீ படத்த மட்டும் சொல்லு. பொய் சொல்லணும்னா நான் சொல்றேன்."

9

இப்போது சந்திரிகா போனில் படிப்பதில்லை. ஸ்கூட்டரில் நேரே முடிச்சூர் வந்துவிடுகிறார். இருவருக்கும் இடையில் ஓர் ஏற்பாடு. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம்வரை அவர் சொல்வார், உள்ளது உள்ளபடி. அங்கே புத்தகத்தை மூடிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தைப் பூவராகன் சொல்வார். அதற்குப் பிறகுதான் அச்சில் இருப்பதைக் கேட்பார், சில நாள் கேட்காமலே விட்டுவிடுவார். விமர்சனம் இரண்டு பெயரில் வருகிறது. குழுவில் சிலர் புத்தகத்தின் முடிவைவிட அவர் முடிவுக்குத்தான் காத்திருக்கிறார்கள். சிலருக்கு இது சுத்த அபத்தம். தினமும் சண்டை நடக்கிறது.

ஆற்றங்கரையில் அந்த விளக்கு தண்ணீரில் தெரிந்ததா என்று அவர் மறுபடி கேட்கவில்லை. அந்தப் புத்தகம் என் அலமாரியிலும் இருக்கிறது. ஒரு நிமிட வேலைதான். பார்த்து இங்கே எழுதுவது அவருக்குச் சொல்வதற்கு முன்பே உங்களுக்குச் சொல்வதாகும். அதனால் பார்க்கவில்லை.

போன வாரம் நானும் போயிருந்தேன். கீழே கடையில் யாரோ கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சந்திரிகா மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். பனிக்காலம். டால்மர் தனியாக ஒரு பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்திருக்கிறான். தொங்குபாலம் அறுந்துகிடக்கிறது.

"மேல மேகம்..." என்றவர் நிறுத்தினார். "இல்ல. மேகம் இல்ல. வெறும் வானம்."

பூவராகன் தலையசைத்தார்.

"எதிர்ப்பக்கம் ஒருத்தர் நிக்கறாங்க. சின்னதா தெரியறாங்க. கை தூக்கியிருக்கு. துப்பாக்கியா, கூப்பிடறாங்களான்னு இந்தக் கட்டத்துல தெரியல. டால்மர் தொப்பியக் கழட்டறான். அவ்வளவுதான்ணா."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். டீ கொண்டுவந்த புஷ்பலதா டம்ளர்களைக் கொடுக்காமல் நின்றார். கீழே கம்பிச் சத்தம் ஓய்ந்திருந்தது. பூவராகன் முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, தூரத்தில் நிற்பவரைப் பார்ப்பதுபோல் நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு அவசரமில்லை.

அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. பள்ளத்தாக்கு, அறுந்த பாலம், வெறும் வானம், எதிர்ப்பக்கம் கை தூக்கி நிற்கும் ஒருவர். எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள்.