வாசல் விடாத அறை

நாடகம் படிக்கக் கடல் தாண்டிப் போன இளையவள், போன மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், தன் வாடகை இடத்தின் நட்டநடுவில் சொந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியும்படி அங்கே சுவர் எதுவும் இல்லை. தரையில் வெள்ளை டேப்பில் ஒட்டிய ஒரு கோடு இருந்தது, அவ்வளவுதான். நெற்றி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. கீழே சலவைக்கடை வைத்திருந்த வீட்டுக்காரம்மா ஈரத்துணியில் ஐஸைச் சுற்றிக் கொடுத்து, புது இடத்தில் பார்த்து நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கோடு ஒட்டச் சொன்னது அவளுடைய ஆசிரியர்தான். மேடையில் வரப்போகும் வீட்டை ஒத்திகைத் தரையில் முதலில் டேப்பால் வரைந்துகொள்வது நாடகக்காரர்களின் வழக்கம். சுவருக்குக் கோடு, வாசலுக்கு இடைவெளி. புதிதாக வந்த மாணவர்கள் அவரவர் வீட்டை அப்படி வரைந்து, கண்ணை மூடி நடந்து பழக வேண்டும் என்பது முதல் பாடம். மற்றவர்கள் பாடம் முடிந்ததும் உரித்துக் குப்பையில் போட்டார்கள். இளையவள் குடியிருந்தது முன்பு தையல் மிஷின்கள் ஓடிய பெரிய கூடம். குளிர் அடங்காது என்று யாரும் வாடகைக்கு எடுக்காத இடம். அங்கே அவள் தன் வீட்டை முழு அளவில் வரைந்து, அதற்குள்ளேயே குடியேறிவிட்டாள். வகுப்பில் அவள் வாயில்லாப் பூச்சி. ஒரு ரொட்டி வாங்கக்கூடத் தெருமுனையில் நின்று வாக்கியத்தை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் போவாள். அப்படி நாள் முழுக்க நாக்கைக் கட்டிக்கொண்டு திரும்புகிறவளுக்கு, கோட்டுக்குள் கால் வைத்ததும்தான் மூச்சே வரும்.

கோடுகள் மெல்ல இறுகின. குளியலறைக் கட்டத்திலிருந்து சமையலறைக்கு அம்மாவின் ஈரக்காலடிகள் காலையில் தோன்றி, காய்ந்து மறையும். அப்பா இருமுவது கேட்கும். திரும்பிப் பார்த்தால் வெறும் தரைதான். முதல் வாரம் அவள் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தாள், பிறகு பழகிவிட்டது. அங்கே வீட்டிலும் சும்மா இல்லை. பக்கவாதம் வந்து சுவரைப் பிடித்து நடக்கிற அப்பா, ஒன்றும் இல்லாத நடைவழியில் எதிலோ இடித்துக் கால் நகத்தைப் பெயர்த்துக்கொண்டார். அம்மா உடனே போன் போட்டாள். "நடு வழியில பெட்டிய வெச்சிருக்கியா? உங்கப்பா நகமே போச்சு. ஓரமா தள்ளி வை." இளையவள் பெட்டியைத் தள்ளி வைத்தாள். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஓர் அறையை மட்டும் அவள் வரையாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். அது அவளும் மூத்தவளும் படுத்த அறை. இந்தக் கல்லூரியில் முதலில் இடம் கிடைத்தது மூத்தவளுக்குத்தான். பெட்டி கட்டிய வாரத்தில் அப்பா விழுந்தார். காலையும் மாலையும் அவரைத் தோளில் தாங்கி நடத்த ஆள் வேண்டும், அம்மாவின் இடுப்பு அதற்குத் தாங்காது. இரண்டு வருடம் கழித்து இளையவளுக்கும் இடம் கிடைத்தபோது, "நீ போ. நான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்றாள் மூத்தவள். அந்தப் பேச்சு இளையவளின் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடந்தது. அந்த அறையை நினைத்தாலே அது குத்தும்.

பனிக்காலத்தின் நடுவில் வகுப்பில் அவளுக்கு முதன்முறையாகப் பேசும் வேடம் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அந்தத் தைரியத்தில் வந்த வேகத்திலேயே மிச்சமிருந்த அறையையும் ஒட்டி முடித்துவிட்டு, வேடத்தின் வசனங்களைப் படிக்கக் கீழே சலவைக்கடையின் சூட்டுக்குப் போய்விட்டாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். நாலு பக்கமும் கோடு போட்டவள் வாசலுக்கு இடைவெளி விட மறந்தாள்.

அம்மாவின் போன் அங்கேதான் வந்தது. துணி மடிக்க அறைக்குள் போன மூத்தவளைக் காணோம். கதவு பூட்டியிருக்கவில்லை, கதவே இல்லை. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, அது கட்டின நாள் முதல் கெட்டிச்சுவர், பின்னால் அறை எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல ஓர் அறை மறைந்துவிட்டது. "அப்பா நடக்கணும்னு உக்காந்திருக்காரு. அவளத் தேடுறாரு" என்று சொல்லும்போதுதான் அம்மாவின் குரல் உடைந்தது.

இளையவள் மாடிக்கு ஓடினாள். கட்டத்துக்குள் மூத்தவள் தரையில் உட்கார்ந்து அப்பாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். வாசல் இல்லாத அறைக்கு அங்கே இருக்க வழியில்லை, அதனால் இங்கே வந்திருந்தது. மூத்தவளின் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. கோட்டுக்கு மேலே வெறும் காற்றில் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள், கை நகரவில்லை. இளையவள் முட்டி போட்டு, வாசல் இருக்க வேண்டிய இடத்தில் டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினாள்.

"அங்க வேணாம்" என்றாள் மூத்தவள். தெருவைப் பார்த்த வெளிச்சுவர்க் கோட்டைக் காட்டினாள். "இந்தப் பக்கம் பிரி."

"அம்மாவுக்கு நான் என்னக்கா சொல்றது?"

"நீ கிளம்பறப்ப நான் என்ன சொன்னேன்? அதையே சொல்லு."

இளையவளுக்குக் கோபம் வந்தது. இப்போதுதானே ஒரு வேடம் கிடைத்தது, இப்போதுதானே கடைக்காரர் அவள் கேட்டதை ஒரே தடவையில் எடுத்துக் கொடுத்தார். வாசல் பக்கத்தைப் பிரித்தால் போதும், அறை மூத்தவளோடு திரும்பிப் போய்விடும். ஏன் என்று கேட்க யாரும் இல்லை. நகம் வெகுநேரம் அந்த நுனியிலேயே இருந்தது. மூத்தவள் கெஞ்சவும் இல்லை, பார்வையை எடுக்கவும் இல்லை. கடைசியில் இளையவள் தவழ்ந்து போய் வெளிச்சுவர்க் கோட்டைப் பிரித்தாள்.

மூத்தவள் வெளியே வந்ததும், இளையவள் தன் மேல்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே நின்று மூத்தவளே கோட்டைத் திரும்ப ஒட்டினாள். இளையவள் உள்ளிருந்து வாசல் பக்கத்துக் கோட்டைப் பிரித்துக் கதவைத் திறந்தாள். எதிரே நடையில் அம்மா நின்றிருந்தாள். "நான் இருக்கேன்மா, பாத்துக்கறேன்" என்றாள் இளையவள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்பா காத்திருப்பதாகச் சொன்னாள்.

இளையவளின் இடத்தில் மூத்தவள் போய் நின்றதைக் கல்லூரியில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. இருவருக்கும் ஒரே மூக்கு, அதிகாரிகள் அதற்கு மேல் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணின் குரல் சளியால் கனத்துவிட்டது, வேடத்துக்கு அதுவும் நல்லதுதான் என்றார் ஆசிரியர். வீட்டுக்காரம்மா மட்டும் ஆள் கொஞ்சம் நீண்டிருப்பதைக் கண்டாள். வெளுக்க வருகிற துணியே சுருங்கியும் நீண்டும்தான் திரும்புகிறது என்று சாவியைக் கொடுத்துவிட்டாள்.

ஒரு முறை பிரித்து ஒட்டிய டேப் சரியாகப் பிடிப்பதில்லை. கடலுக்கு அப்பால் பனி கொட்டும் நாளில், இங்கே வீட்டில் அந்த அறையின் சுவரடியிலிருந்து குளிர்காற்று வரும். வெயில் தாங்காத அக்கம்பக்கத்தார் மதியத்தில் அங்கே வந்து படுத்துவிட்டுப் போவார்கள். மூத்தவள் எதையும் ஒழுங்காக வைக்காதவள். அங்கே கோட்டு வீட்டில் நாற்காலியையும் செருப்பையும் நடு வழியில் போட்டுவிடுவாள். இளையவளின் தோளில் கை போட்டு நடக்கிற அப்பா தினமும் வெறும் நடையில் எதிலாவது இடித்துக்கொள்வார். திட்ட மாட்டார். காலில் எதுவும் இடிக்காத நாளில்தான் நின்றுவிடுவார், பெரியவளுக்குப் போன் போடு என்பார்.