ஐந்து எம்பிக்குள் ஒரு குரல்

பல் துலக்கிக்கொண்டே கைபேசியில் அந்த மின்னஞ்சலைப் படித்த நெல்சன், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டான். மென்பொருள் பொதிக்குள் எந்தக் கோப்பும் ஐந்து எம்பி அளவைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் குழுவில் தளர்த்திவிட்டார்களாம். மென்பொருளை சிடியில் அடைத்துக் கொடுத்த காலத்து விதி அது. சிடி போய் எத்தனையோ வருடமாகியும் விதி மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதற்கு அன்று சரியென்று வாக்களித்தவர்களில் நெல்சனும் ஒருவன் என்பதுதான் வேடிக்கை.

அவனுக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. மிச்ச நேரத்தில், ஒரு தன்னார்வக் குழுவோடு சேர்ந்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களைப் பொதியாகக் கட்டிக் கொடுப்பான். அதில் ஒன்று, பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்வது. அதன் குரல் அவன் மனைவி ஜெர்லினுடையது. நான்கு வருடத்துக்கு முன், ஈஸ்டர் முடிந்த கையோடு, சத்தம் விழக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட ஒரு மாதம் படித்தாள். பதிந்தது ஒன்பது எம்பி வந்தது. விதி விதிதான் என்று, வாக்கியங்களின் நடுவிலிருந்த மூச்சையும் நிறுத்தங்களையும் நெல்சன் ஒவ்வொன்றாக வெட்டினான்.

கேட்டுப் பார்த்த ஜெர்லின், “நான் இன்னா பஸ்ஸு புடிக்க ஓடிக்கிட்டா படிச்சேன்?” என்றாள். இன்னும் பதிய வேண்டியிருந்த வாக்கியங்களுக்குக் கூப்பிட்டபோது, “மூச்ச வெட்டறவருக்கு நான் படிக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டாள். அவள் கோபம் நியாயம் என்று அவனுக்குத் தெரியும். அதனால் மறுபடி கேட்கவே இல்லை.

போன மாதம் கருவடிக்குப்பத்திலிருந்து மதிவாணன் பேசினார். பார்வையில்லாதவர், அந்தக் குரலை வைத்துத்தான் பரீட்சைக்குப் படிக்கிறார். “மேடம் மூச்சே வுடாம படிக்கிறாங்க சார். கேக்கற எனக்கு மூச்சு முட்டுது. பாதி வெளங்கல.” அன்றைக்கே நெல்சன் விதியை மாற்றச் சொல்லி எழுதினான். தான் அன்று வாக்களித்தது தப்பு என்றும் எழுதினான்.

நெல்சன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தபோது, ஜெர்லின் கூடத்தில் விசிறிக்கடியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இனிமே வெட்ட வேணாமாம், ஜெர்லின்.”

“வெட்டுனது வெட்டுனதுதானே?”

அவன் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தான். ‘ஜெர்லின் மூச்சு’ என்றொரு கோப்புறை. வெட்டியெடுத்த ஒவ்வொரு துண்டும் வரிசை எண்ணோடு இருந்தது.

“தூக்கிப் போட மனசு வரல,” என்றான்.

ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். அவள் இழுத்த மூச்சு. தூரத்தில் மீன்காரரின் ஹாரன். பிறகு அவளுடைய குரலே, அலுப்பும் ஆசையுமாக: “ஏங்க, இன்னிக்கிப் போதுமா?”

ஜெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. அடுத்த துண்டையும் கேட்டாள், அதற்கடுத்ததையும். நெல்சன் கத்தியை எடுத்து மீதி பீன்ஸை நறுக்கத் தொடங்கினான்.

“மதிவாணன் சாருக்குப் பரீட்ச எப்போ?”

“அடுத்த மாசம்.”

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். சுவரோரம் நின்று ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விசிறியை நிறுத்தினாள்.