கறிக்கடைக்காரரின் கண்

என் கணவருக்குப் பொய் சொல்லவே வராது என்று பதினான்கு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்த மடச்சி நான்.

அவர் பிளம்பர். பைப்பண்ணன் என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். இந்த வருஷம் ஆள் பாதியாகிவிட்டார். தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார். டாக்டரிடம் போகலாம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், அந்த நிமிஷமே யார் வீட்டிலோ குழாய் உடைந்துவிடும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, கத்தாத. சர்ச் சந்தை வருதுல்ல? கறிக்கடைக்காரர் தராசுல ஏறுறேன். போன வருஷத்தைவிட அஞ்சு கிலோ குறைஞ்சிருந்தா நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வரேன். குறையலைன்னா அப்புறம் இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது" என்றார்.

வசமாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

எங்கள் சர்ச் மைதானத்தில் வருஷத்துக்கு ஒருநாள் அந்தச் சந்தை. கேக் கடை, பழைய புத்தகம், வளையம் எறிகிற விளையாட்டு என்று என்னென்னவோ இருக்கும். ஆனால் கூட்டம் மொய்ப்பது கறிக்கடைக்காரர் முன்னால்தான். ஆளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து எடையைச் சொல்வார். பிறகு அவருடைய பெரிய தராசில் ஏற வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் தப்பினால் மேசைமேல் இருக்கும் துணிக் கரடி நமக்கு. அந்தக் கரடி ஒன்பது வருஷமாக அங்கேயே தூசி பிடித்து உட்கார்ந்திருந்தது. போன வருஷம் என் கணவருக்கு எழுபத்தொன்று என்றார். முள்ளும் எழுபத்தொன்றில் போய் நின்றது.

அன்றைக்குக் காலையிலேயே நல்ல வெயில். இவர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற தடிமனான கோட்டை மாட்டியிருந்தார்.

"இந்த வெயில்ல எதுக்குங்க இது?"

"எனக்குக் குளிருது."

பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து நிமிஷ நடை. அதற்குள் மூன்று தடவை நின்றார். ஒவ்வொரு தடவையும் கூட வந்த எட்டு வயது மகளுக்கு எதையோ காட்டுகிற மாதிரி நின்று மூச்சு வாங்கினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு ஜெயிக்கப் போவது நான்தான், நாளைக்கே ஆஸ்பத்திரி என்று நடந்தேன்.

கேக் கடையில் என் நாத்தனார் நின்றிருந்தார். தம்பியைப் பார்த்ததும் என்மேல் பாய்ந்தார். "ஏம்மா, இவனுக்குச் சாப்பாடு போடுறியா இல்லையா?"

"அவளைத் திட்டாதக்கா. உன் கேக்கு ரெண்டு தின்னா ஊதிடுவேன்" என்று இவர் சிரித்தார். ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கறிக்கடைக்காரர் எப்போதும் கேலியோடுதான் ஆரம்பிப்பார். "வாங்கண்ணே, குழாய்த் தண்ணி குடிச்சே ஏத்துன உடம்பு" என்றவர், ஒரு சுற்று வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். இன்னொரு சுற்று வந்தார். கழுத்தையும் மணிக்கட்டையும் பார்த்தார்.

"கோட்டோட சேர்த்து..." குரல் இறங்கியது. "அறுபது."

கூட்டம் 'ஓ' என்றது. இவர் மெதுவாகத் தராசில் ஏறினார். முள் ஆடியது, அறுபதைத் தாண்டியது, எழுபதில் போய் நின்றது.

மைதானமே கைதட்டியது. மகள் கரடியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்குத் தோற்றுப்போன கோபமே வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. ஒரே ஒரு கிலோதான் குறைவு. என் கண்தான் கோளாறு, வீணாக மனுஷனை வறுத்தெடுத்துவிட்டோம் என்று மனசு லேசாகிவிட்டது. ஐந்து நிமிஷம் அப்படிச் சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மகள் கரடியைக் காட்ட அத்தையிடம் ஓடினாள். இவர் உட்கார இடம் தேடி சர்ச் ஹாலுக்குப் பின்பக்கம் போனார். கறிக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணி, காலையில படிக்கல் வச்சுப் பார்த்துட்டுத்தான் இதைத் தூக்கிட்டு வந்தேன். தராசுல தப்பு இல்ல."

"அப்போ நீங்க தோத்துட்டீங்க, ஒத்துக்கோங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "முப்பது வருஷத் தொழில் அண்ணி. ஒண்ணு ரெண்டு கிலோ தப்பலாம். பத்து கிலோ எனக்குத் தப்பாது."

ஹாலுக்குப் பின்னால் பெஞ்சில் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குள் கையை விட்டேன். சில்லென்று பட்டது. வயிற்றைச் சுற்றி ஈயத் தகடு, அதன்மேல் பழைய வேட்டித்துணியால் ஒரு கட்டு. பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றியது என்று எங்கள் கொல்லைக் கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த அதே தகடு.

"பாவி மனுஷா! நாளைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரி. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"போயிட்டு வந்துட்டேன்" என்றார்.

"எப்போ?"

"மூணு மாசம் ஆச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கே போனேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

அவர் தூரத்தில் வளையம் எறிகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்கன்னாங்க. வைத்தியம் பண்ணி பிரயோஜனம் இல்லையாம். மிஞ்சிப் போனா அஞ்சு மாசம்."

ஐந்தில் மூன்று போனால் எவ்வளவு என்று எனக்குக் கணக்கு வரவில்லை. கையால் முடிச்சை அவிழ்த்தேன். தகட்டை உருவி பெஞ்சுக்கு அடியில் வீசினேன். அது பதிந்த இடமெல்லாம் சிவந்து கன்றிப்போயிருந்தது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இனி யாரிடம் சண்டை போட்டு எந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன்? போவதற்கு இடமே இல்லை.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இன்னைக்கு வந்திருப்பியா? பாப்பா இந்தச் சந்தைக்காக எத்தனை நாளா காத்துட்டு இருந்தா."

அதற்குள் அவளே கரடியோடு ஓடி வந்துவிட்டாள். இவர் அவசரமாகக் கோட்டை இழுத்து மூடினார்.

"அப்பா! அத்தை நம்பவே மாட்டேங்கிறாங்க. அவங்க கண்ணால பார்க்கணுமாம். இன்னொரு தடவை ஏறிக் காட்டுங்கப்பா!"

இவர் என்னைப் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் என்னிடம் எதற்கும் கெஞ்சாதவர்.

"நீ போய்த் தராசுகிட்ட நில்லு கண்ணு. அப்பா இதோ வராங்க" என்றேன். அவள் ஓடினாள்.

குனிந்து தகட்டை எடுத்தேன். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

"கையைத் தூக்குங்க."

தூக்கினார். கன்றிய இடத்தின் மேலேயே மறுபடி சுற்றி, துணியை இழுத்துக் கட்டினேன்.

"வலிக்குதாங்க?"

"இல்ல" என்றார்.

நடுவில் நழுவி விழுந்துவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.